மீளும் மீனுக்கு ஒரு விழா

கொழும்பு மாநகரின் வடபால், கொட்டாஞ்சேனையைக் கடந்து செல்வோர் களனிகங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடைவர். அவ்விடத்துக்கு முகத்துவாரம் என்பது பெயர். தென்பால், கிருலப்பனை வழியாக வரும் கால்வாய் வெள்ளவத்தையிலே கடலைச் சேருகின்றது. ஆற்றுநீர் கடலிற் புகும் இடத்தைத் துவாரம், அஃதாவது வாயில், என்றே நம் முன்னோர் வழங்கினர். வாயில் எனின் அது புறப்பாட்டுக்கு மட்டும் உரியதன்று, மீள்வருகைக்கும் உரியதாகும். ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடும்பொருட்டு மீண்டும் ஆற்றை நாடிவரும் மீன்கள் உலகிற் சில உள. அவற்றின் வருகையை எதிர்நோக்கி விழாவெடுக்கும் மக்களும் உளர். அவ்விழாவின் பயன் யாது, அத்தகையதொன்று நம் நாடுகளிலும் உண்டோ என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீண்டு வருதலைக் கொண்டாடுவது நமக்குப் புதியதன்று. தைப்பொங்கல் ஞாயிறு வடதிசை நோக்கித் திரும்புதலைக் கொண்டாடுகின்றது. ஆடிப்பதினெட்டு ஆற்றிலே புதுவெள்ளம் திரும்பி வருதலைக் கொண்டாடுகின்றது. கொழும்பில் ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து தேரேறித் தென்றிசை வரும் வேலைக் காணக் காலி வீதியின் இருமருங்கும் குடும்பங் குடும்பமாக மக்கள் நிற்பர். சின்னாட் கழித்து அது மீளும்போதும் அவ்வாறே நிற்பர். சென்றது திரும்பி வந்தது என்னும் உணர்ச்சியே இவ்விழாக்களுக்கெல்லாம் உயிராகும். ஆயின் ஞாயிறு தவறாது மீளும். வேலை மீட்டு வருவோர் நாமே. மீனின் வருகையோ இவ்விரண்டையும் போன்றதன்று. நாம் இடங்கொடுத்தால் வரும், இடங்கொடாவிடின் வாராது.

மீளும் மீன்களுட் புகழ்மிக்கது சமன். நம் கடைகளிலே தகரத்தில் அடைத்துச் ‘சமன்’ என விற்கப்படுவது பெரும்பாலும் வேறு மீனேயாம். உண்மைச் சமன் அத்திலாந்திக்கு, பசிபிக்கு ஆகிய பெருங்கடல்களின் வடபகுதியில் வாழ்வது. குளிர்ந்த ஓடைகளின் பரற்கற்களிடையே முட்டையிலிருந்து வெளிப்பட்டுக் கடலுக்குச் சென்று, ஆண்டுகள் சில கழிந்தபின் தான் பிறந்த ஓடைக்கே திரும்புவது அதன் இயல்பு. எண்ணற்ற ஓடைகளுள்ளே தனக்குரியதை அஃது எங்ஙனம் அறிகின்றது? ஒவ்வோர் ஓடையின் நீருக்கும் அந்நிலத்து மண்ணாலும் செடிகொடிகளாலும் தனி மணம் உண்டு என்றும், இளமையில் அறிந்த அம்மணத்தை நினைவிற்கொண்டே மீன் மீளுகின்றது என்றும் ஆதர் ஆசிலர் என்னும் அமெரிக்க அறிஞர் 1950களில் ஆராய்ந்து காட்டினார். பசிபிக்குச் சமன் இனங்களிற் பெரும்பாலன முட்டையிட்டபின் இறந்துபடும். எனவே அவற்றின் மீள்வருகை வாழ்நாளில் ஒருமுறையே நிகழ்வது.

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலே, சியாற்றில் நகருக்குக் கிழக்கே, இசாக்குவா என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள ஓடைக்கு ஆண்டுதோறும் சமன் வருகின்றது. மரந்தறித்தலும் சுரங்கத் தொழிலும் ஓடையைக் கெடுத்தமையால் மீன்வளம் குன்றவே, 1936இல் அங்கே மீன்குஞ்சு பொரிப்பகம் ஒன்று நிறுவப்பட்டது. 1970 முதலாக ஒக்தோபர் மாதத்து முதல் வார இறுதியில் மீனை வரவேற்கும் விழா நடைபெற்று வருகின்றது. அன்று அவ்வூரின் வீதிகளில் ஊர்தி செல்லாது. அணிவகுப்பும் இசையும் கைவினைக் கடைகளும் நிறைந்திருக்கும். எனினும் பெற்றோர் தம் பிள்ளைகளை முதலில் அழைத்துச் செல்லும் இடம் ஓடைப்பாலமேயாம். கீழே, கைமுழ நீளத்தினும் பெரிய மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நிற்றலையும், தடுப்பை நோக்கித் தாவுதலையும், வீழ்ந்து மீண்டுந் தாவுதலையும் பிள்ளைகள் காண்பர். கடலிலிருந்து அவ்விடம் வருதற்கு அம்மீன்கள் சியாற்றிலில் 1917இல் திறக்கப்பட்ட படகுப் பூட்டுவாயிலைக் கடத்தல் வேண்டும். அதன் பக்கத்தே மீன் ஏறுதற்கெனப் படிகள் அமைத்திருக்கின்றனர்.

இவ்விழா அண்மைக் காலத்தது. அந்நிலத்தின் பழங்குடிகளிடையே வழங்கும் முதற்சமன் சடங்கோ மிகப் பழையது. ஆண்டின் முதல் மீனை விருந்தினன் எனப் போற்றி வரவேற்று, அதன் ஊனை ஊரார் அனைவரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துண்டு, எலும்பை மீண்டும் நீரிலே விடுவர். குடிகள் பலவற்றில் அதன்பின் சில நாட்களுக்கு எவரும் மீன்பிடித்தல் ஆகாது. அந்நாட்களிலே முட்டை தாங்கிய மீன்கள் தடையின்றி மேலேறிச் சென்றுவிடும். விழாவின் உட்பொருள் இங்கே விளங்குகின்றது. அது வெறும் மகிழ்ச்சியன்று. மகிழ்ச்சியோடு கூடிய அடக்கமாகும். உண்ணும் உரிமை உடையவன் சில நாள் உண்ணாதிருத்தலே அச்சடங்கின் நடுநாயகமாம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். சமன் நம் வெப்பக் கடல்களில் இல்லை. ஆயின் அதன் ஒழுக்கத்தையே கொண்ட மீனொன்று தென்னாசியக் கடல்களில் உண்டு. தமிழர் அதனை உல்லம் என்பர். தெலுங்கர் புலச என்பர். வங்காளர் இலிஷ் என்பர். சிந்து மாகாணத்தார் பல்லா என்பர். வெள்ளிபோன்ற செதிலும், நெய்ப்பு மிக்க ஊனும், எண்ணற்ற நுண்முள்ளும் உடையது. மழைக்காலத்துப் புதுவெள்ளம் கடலைச் சேர்ந்தவுடன் அந்நன்னீரின் வழியே ஆற்றினுட் புகுந்து, மேலேறி முட்டையிடும். ஒரு மீன் பல இலட்சம் முட்டைகளை இடவல்லது. சமனைப் போல முட்டையிட்டவுடன் இறவாது, கடலுக்குத் திரும்பி மறுமுறையும் வரக்கூடியது. சிந்து, கங்கை, பிரமபுத்திரை, மேக்னா, ஐராவதி, கோதாவரி, கிருட்டிணை, காவேரி ஆகிய ஆறுகள் எல்லாம் ஒருகாலத்தில் இதற்குத் தாய்வீடுகளாயிருந்தன.

இம்மீனின் வருகையை ஒரு குடும்பம் நாள் குறித்துக் கொண்டாடும் முறையைக் காண விரும்புவோர், கீழை வங்காள வழிவந்த இந்து இல்லங்களுக்குச் செல்லல் வேண்டும். அந்நாள் சரசுவதி பூசை நாளாகும். நாம் கலைமகளை நவராத்திரியில் வழிபடுகின்றோம். வங்காளரோ தை, மாசியை ஒட்டி வரும் வளர்பிறைப் பஞ்சமியில் வழிபடுவர். அன்று விடியலில் பிள்ளைகள் நீராடி மஞ்சள் உடை உடுத்துக்கொள்வர். தம் நூல்களையும் எழுதுகோல்களையும் தேவியின் திருவடியில் வைப்பர். அன்று முழுதும் படித்தல் இல்லை. மலரிட்டு வணங்கும் வரையில் உண்பதும் இல்லை. சின்னஞ்சிறு மதலைக்கு எழுத்தறிவிக்கும் நாளும் அதுவே. அவ்விளஞ்சிறார்க்கு மற்றுமோர் கட்டுப்பாடு உண்டு. இலந்தைப் பழம் மரத்திற் கனிந்து தொங்கினும், பூசை நாளுக்கு முன்னர் அதனை உண்ணலாகாது. பூசை முடிந்தபின் உண்ணும் அப்பழத்தின் சுவை, காத்திருந்தமையாலேயே இரட்டிக்கின்றது.

இலந்தை பிள்ளைகளுக்கு எத்தகையதோ, உல்லம் பெரியோர்க்கு அத்தகையது. அவ்வில்லத்தார் விசயதசமியன்று, அல்லது அதனை அடுத்துவரும் முழுமதி நாளின் இலக்குமி பூசையன்று, இம்மீனை உண்பர். அதன்பின் சரசுவதி பூசை வரையில் அதனைத் தொடமாட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் கழிந்தபின், பூசை நாளிலே இல்லத் தலைவன் சந்தை சென்று இணைமீனாக இரண்டு உல்லம் வாங்கி வருவான். வாயிலிற் பெண்டிர் குலவையிட்டுச் சங்கூதி அதனை வரவேற்பர். முறத்திலே வைத்து, அறுகம்புல் தூவி, மணமகளுக்கு இடுவதுபோலக் குங்குமமும் இடுவர். சில இல்லங்களில் கத்தரிக்காயும் உடன் வைப்பதுண்டு. பின்னர் வெங்காயமும் உள்ளியும் சேர்க்காது, மஞ்சளும் பச்சைமிளகாயும் கருஞ்சீரகமும் இட்டு மெல்லிய குழம்பாக ஆக்கி, குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து உண்பர். கலைமகள் வழிபாட்டு நாளில் மீன் உண்பதா என நம்முட் சிலர் வியத்தல் கூடும். ஆற்றுநாட்டு மக்களாகிய அவர்க்கு மீன் மங்கலப் பொருளாகும். திருமணச் சீரிலும் அது முன்னிற்பது. அந்நாட்டு வழக்கை அந்நாட்டு நிலத்தோடு வைத்தே நோக்குதல் வேண்டும்.

இங்கு நாம் கவனித்தற்குரியது அவ்விடைப்பட்ட திங்கள்களாம். உல்லம் பெருந்தொகையாக முட்டையிடும் காலம் புரட்டாசி ஐப்பசியை ஒட்டிய முழுமதி நாட்களென மீனியலார் கண்டுள்ளனர். முட்டையினின்றும் வெளிவந்த குஞ்சுகள் சில திங்கள் ஆற்றிலே தங்கி வளர்ந்து, பின்னரே கடலை நோக்கிச் செல்லும். வங்காளர் அம்மீனை விலக்கத் தொடங்குவது ஏறக்குறைய அம்முழுமதியில்; விலக்கு நீங்கும் வரையில் ஆற்றில் இருப்பன பெரும்பாலும் இளங்குஞ்சுகள். நோன்பின் எல்லையும் மீனின் வாழ்க்கை வட்டமும் பெரிதும் ஒத்து நிற்கின்றன. இந்நோன்பை வகுத்தோர் மீனின் நன்மையை எண்ணியே வகுத்தனர் என அறுதியிட்டுக் கூறுதல் மிகையாகலாம். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஆற்றை நோக்கி வாழ்ந்த மக்களின் அறிவு அதனுட் பொதிந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

பழைய நோன்பு செய்ததை இக்காலத்துச் சட்டம் வேறு முறையில் மேற்கொண்டுள்ளது. வங்காளதேச அரசு அதே முழுமதியை நடுவாகக் கொண்டு உல்லம் பிடித்தலையும் விற்றலையும் தடை செய்கின்றது. முதலிற் சில நாட்களாயிருந்த இத்தடை 2016இல் 22 நாட்களாக விரிந்தது. 25 சதமமீற்றருக்குக் குறைந்த இளமீனை நவம்பர் முதல் யூன் வரையிற் பிடித்தலும் குற்றமாகும். 2002-2003 ஆண்டில் ஏறத்தாழ 2 இலட்சம் தொன்னாகத் தாழ்ந்திருந்த அந்நாட்டு உல்லம் பிடிப்பு, 2017-2018இல் 5 இலட்சம் தொன்னைத் தாண்டியது. இவ்வெற்றியைப் பாராட்டுங்கால் ஒன்றை மறத்தலாகாது. செல்வர் இல்லத்தில் உல்லம் உண்ணாதிருத்தல் நோன்பு. வலையொன்றே உடைமையாகிய மீனவன் இல்லத்தில் அது பட்டினி. தடைக்காலத்தில் அரசு அரிசி வழங்குகின்றது எனினும், அடுப்பெரிதற்கு அரிசி மட்டும் போதாது. நோன்பின் பயன் ஊரார் அனைவர்க்கும் உரியதாயின், அதன் சுமையும் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும். முதல் மீனை எல்லோரும் பகிர்ந்துண்ட பழங்குடிகள் இவ்வறத்தை நன்கறிந்திருந்தனர்.

விழா இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது என்பதற்குச் சிந்து நதியே சான்று. சிந்தி இந்துக்கள் வழிபடும் ஜூலேலால் என்னும் நீர்த்தெய்வம் பல்லா மீன்மேல் எழுந்தருளியிருப்பதாகத் திருவுருவம் அமைப்பர். கொழும்பிலே வணிகஞ் செய்துவரும் சிந்திக் குடும்பங்களும் அத்தெய்வத்தைப் போற்றுவனவே. சக்கர் நகருக்கருகே ஆற்றிடைத் தீவில் உள்ள திருத்தலத்தை வழிபடுதற்கே பல்லா கடலிலிருந்து மேலேறி வருகின்றது என்றும், வழிபட்டு மீளும்போது தலத்துக்குப் புறங்காட்டாது செல்லும் என்றும் அந்நாட்டார் நம்பினர். இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே போற்றிய தலம் அது. இதனினும் அழகிய நம்பிக்கை வேறொன்றில்லை. ஆயினும் 1932இல் சக்கரிலும் 1955இல் கோத்திரியிலும் 1962இல் குட்டுவிலும் ஆற்றின் குறுக்கே கதவணைகள் எழுந்தன. கோத்திரியில் அமைத்த மீனேணி பல்லாவுக்குப் பயன்படவில்லை. அடியார் கூட்டம் கோத்திரியோடு நின்றுவிட்டது. கங்கையிலும் அவ்வாறே, முன்னர் அலகாபாத்தையும் கடந்து சென்ற உல்லம், 1975இல் பராக்காக் கதவணை இயங்கத் தொடங்கியபின் அதற்கு மேலே மிக அரிதாயிற்று. உள்ளத்திலே மீனுக்கு இடமிருந்தும் ஆற்றிலே வழியில்லையாயின் அன்பு பயனற்றதாகின்றது.

காவேரியின் கதை இதனினும் துயர் மிக்கது. ஆடிப்பதினெட்டன்று காவேரிக் கரையிற் கூடும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாயும் மகளும் புதுப்பெருக்குக்கு மஞ்சளும் மலரும் காதோலை கருகமணியும் இட்டு வணங்குவர், மஞ்சட்கயிறு கட்டிக்கொள்வர், எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு எனப் பலவகைச் சித்திரான்னங்களையும் மணலில் அமர்ந்து பகிர்ந்துண்பர், சிறுவர் சப்பரம் இழுத்து மகிழ்வர். அவர் வணங்கிய அதே புதுவெள்ளத்திலேதான் உல்லமும் கொள்ளிடத்தின் வழியே மேலேறி வந்தது. 1909ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்துக் கீழணையருகே அதன் முட்டைகளைச் செயற்கை முறையிற் பொரிக்கச் செய்யும் ஆராய்ச்சி நிகழ்ந்தது என்றால், அவ்வரவின் பெருமையை நாம் உய்த்துணரலாம். 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. அதனால் உழவர் அடைந்த நன்மை பெரிது. அதனைப் பழித்தல் எம் கருத்தன்று. ஆயின் வெள்ளத்தின் இயற்கைப் போக்கு மாறியது. காவேரி உல்லம் குன்றி மறைந்தது.

மறைந்ததை வருந்தியவர் எத்துணைப் பேர்? ஆடிப்பெருக்கின் வழிபாட்டில் மீனுக்கு இடமில்லை. ஆற்றிலே நீர் குறைந்த ஆண்டில், பெருக்கு விழாவுக்கென அணையிலிருந்து நீர் திறந்துவிடுமாறு மக்கள் வேண்டுவர். நீர் வாராமையை விழா உணர்த்துகின்றது. மீன் வாராமையை உணர்த்த எவ்விழாவும் இல்லை. பந்தியிலே இலை போட்டு எதிர்பார்க்கப்பட்டவன் வாராவிடின், அவ்வெற்றிலை அனைவர் கண்ணிலும் படும். இலையே போடப்படாதவன் வாராமை எவர்க்குந் தெரியாது. வங்காளர் ஆண்டுதோறும் உல்லத்துக்கு இலை போட்டனர். ஆதலின் மீன் அருகியபோது இல்லந்தோறும் அக்குறை உணரப்பட்டது, நாளிதழ்கள் எழுதின, அரசு செவிசாய்த்தது. நாம் இலை போடவில்லை. உல்லம் சென்ற வழி தெரியாது சென்றுவிட்டது.

சென்றது மீளுமோ? மீளும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. வாசிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றிலே 1913லும் 1927லும் முடிந்த இரண்டு அணைகள் சமனின் வழியை நெடுங்காலம் அடைத்து நின்றன. அவ்வாற்றங்கரையிலே வாழும் கிளாலம் பழங்குடியினர் தம் மீனை மறக்கவில்லை. அதன் பெயரையும் சடங்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். அணைகளை அகற்றல் வேண்டுமென இடைவிடாது வாதாடினர். 2011இல் தொடங்கி 2014க்குள் இரண்டும் அகற்றப்பட்டன. மீன்கள் மேலேறின. தொகை பெருகும்வரை பிடித்தலாகாது என அவர்களே தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டு காத்திருந்து, 2023இல் சடங்கின்பொருட்டுச் சிறிதளவு மீன்பிடித்தனர். நூறாண்டு நினைவு வாயிலைத் திறந்தது. எல்லா அணைகளையும் அகற்றுதல் இயலாது; அகற்றவும் வேண்டுவதில்லை. அணையிருக்கும் இடத்தில் அந்தந்த மீனின் இயல்புக்கேற்ற வழி அமைத்தலும், உரிய காலத்தில் உரிய அளவு நீர் விடுதலும், முட்டையிடும் நாட்களில் வலையை மடித்து வைத்தலும், அவ்வாறு மடித்து வைத்தோரைப் பட்டினியிடாது காத்தலும் இயலும்.

ஆகவே மீளும் மீனுக்கு எடுக்கும் விழா மூன்று உறுப்புக்களை உடையதாதல் வேண்டும் எனக் கண்டோம். நினைவு ஒன்று, நோன்பு ஒன்று, திறந்த வாயில் ஒன்று. சிந்துவில் நினைவு இருந்தது, வாயில் அடைபட்டது. காவேரியில் வாயிலும் அடைபட்டது, நினைவும் இல்லை. வங்காளத்தில் நினைவும் நோன்பும் உடனின்றமையால், வாயில் திறந்துள்ள அளவுக்கேனும் மீன் வருகின்றது.

நம் மாணவர் இதனை வேற்று நாட்டுச் செய்தி எனக் கருதி விடுதலாகாது. ஈழத்து ஆறுகளில் வாழும் விலாங்கு, உல்லத்துக்கு நேர்மாறாகக் கடலிலே பிறந்து, ஆற்றிலே வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே மீளுவது. அதற்கும் வேண்டுவது வாயிலே. வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலையில் உலாவுவோர் கால்வாய் கடலொடு சேரும் இடத்திலே சிறிது நின்று, அந்நீரின் நிறத்தையும் மணத்தையும் அறிதல் வேண்டும். பிறந்த ஓடையின் மணத்தைக் கொண்டே மீன் தன் இல்லத்தை அறிகின்றது எனக் கண்டோம். நம் கழிவின் மணத்தையன்றி வேறு மணம் இல்லாத நீரை எவ்வுயிர் தன் இல்லம் எனத் தேடிவரும்? முகத்துவாரம் என்று பெயரிட்ட முன்னோர் நமக்கு ஒரு வாயிலைக் கொடுத்துச் சென்றனர். வருவோர்க்கு வாயிலைத் திறந்து வைத்தல் நம் இல்லறத்தின் முதற் கடனன்றோ?